இரு கூடைப்பந்தாட்ட அணிகளின் எதிர்காலத்தை ஒப்பிடுவது எப்படி: வன்னியின் புதிய இரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியின் மாலை நேர மைதானங்கள் பெரும்பாலும் கரப்பந்தாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் உரியவை. பாடசாலைப் பெண்பிள்ளைகளின் விளையாட்டு என்றால் வலைப்பந்தாட்டமே முதலில் நினைவுக்கு வரும். கூடைப்பந்தாட்டத் தளம் எல்லாப் பாடசாலைகளுக்கும் வாய்த்துவிடுவதில்லை. இருந்தும், கைத்தொலைபேசியின் வழியாக அமெரிக்காவின் என்பிஏ லீக் கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என எல்லா இடங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா அனுப்பிய ராப்டர்ஸ் மேற்சட்டையை அணிந்த பிள்ளையும், லெப்ரோன் ஜேம்ஸுக்காகவே லேக்கர்ஸ் அணியை நேசிக்கும் இன்னொரு பிள்ளையும் ரியூசன் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் வழியில் வாதிடுவதை இப்போது கேட்க முடிகிறது. அந்த வாதங்களில் ஆர்வம் நிறைந்திருக்கிறது, ஆதாரம் குறைந்திருக்கிறது. எந்த அணி அதிகக் கிண்ணங்களை வென்றது, எந்த வீரரின் பெயர் பெரியது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இவை இரண்டும் நடந்து முடிந்தவற்றைப் பற்றிய செய்திகள். வரப்போகும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் எந்த அணி மேலே நிற்கும் என்பதை அறிய வேண்டுமானால் புள்ளி வித்தியாசம், வீரர்களின் வயது, ஒப்பந்தங்கள், புதுமுக வீரர் தெரிவு உரிமைகள் ஆகிய நான்கு இடங்களில் தேட வேண்டும். ஒரு சீஆர் கொப்பியும் பேனையும் இருந்தால் இந்த வேலையை எவரும் செய்யலாம்.

எடுத்துக்காட்டாக, பொஸ்டன் செல்டிக்ஸ், லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் ஆகிய இரு பரம வைரிகளை எடுத்துக்கொள்கிறேன். செல்டிக்ஸ் 18 தடவையும் லேக்கர்ஸ் 17 தடவையும் சம்பியனாகியுள்ளன. இறுதித் தொடரில் இவை 12 தடவை மோதியுள்ளன. அவற்றில் 9 தடவை பொஸ்டனே வென்றது. இந்த எண்களை ஒரு தடவை மரியாதையோடு எழுதிவிட்டு, பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். 1960களில் செல்டிக்ஸ் வீரர் பில் ரசல் வென்றுகொடுத்த கிண்ணங்கள் அடுத்த ஆண்டின் ஆட்டத்தில் ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்காது. கீழே வரும் அணி நிலவரங்கள் 2024–25 பருவகாலத்தையும் அதைத் தொடர்ந்து வந்த 2025 கோடைகாலத்தையும் சார்ந்தவை. எண்கள் ஆண்டுதோறும் மாறும். அவற்றைத் தேடும் முறை மாறாது.

தொடங்கும் முன்

என்பிஏயில் 30 அணிகள், கிழக்கு மேற்கு எனத் தலா 15 அணிகள் கொண்ட இரு பிரிவுகளாக ஆடுகின்றன. எங்களுடைய காலபோக விதைப்பு நடக்கும் ஒக்டோபரில் பருவகாலம் தொடங்குகிறது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்களை ஆடி முடிக்கும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் 6 அணிகள் நேரடியாகவும், 7 முதல் 10 வரையான இடங்களில் உள்ளவற்றுள் இரண்டு தகுதிகாண் ஆட்டங்களின் வழியாகவும் கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுக்குள் நுழையும். அங்கே ஒவ்வொரு மோதலும் அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி மேலே செல்லும்.

வலைப்பந்தாட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு: கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர்தான், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம், வளையத்துக்குப் பின்னால் பலகை உண்டு, எவரும் கூடையை நோக்கி எறியலாம். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடங்கள். என்பிஏயில் 48 நிமிடங்கள். ஆகவே ஒரு பாடசாலை வீரர் எடுத்த புள்ளிகளை என்பிஏ வீரரின் புள்ளிகளோடு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எதை நாம் பார்க்கிறோம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பொஸ்டனிலோ ரொறன்ரோவிலோ இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் எமக்குக் காலை 6.00 மணிக்கு வரும். லொஸ் ஏஞ்சல்ஸில் அதே நேரத்தில் தொடங்கும் ஆட்டம் எமக்குக் காலை 9.00 மணி, அதாவது பாடசாலை நேரம். எனவே லேக்கர்ஸ் தம் சொந்த அரங்கில் ஆடும் ஆட்டங்களைப் பெரும்பாலான பிள்ளைகள் மாலையில் ஐந்து நிமிடச் சுருக்கக் காணொளிகளாக மட்டுமே பார்க்கிறார்கள். சுருக்கக் காணொளியில் விழுந்த பந்துகள் மட்டுமே வரும். தவறிய எறிகைகளும், பந்தைப் பறிகொடுத்த தருணங்களும், காவலில் தூங்கிய கணங்களும் வராது. அதை மட்டும் பார்த்து ஓர் அணியை எடைபோடுவது முடியாத காரியம். லீக்கின் சொந்த இணையத்தளத்தில் ஒவ்வோர் ஆட்டத்தின் முழுப் புள்ளிப் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கிறது. காணொளியை விட மிகக் குறைந்த டேட்டாவே அதற்குச் செலவாகும்.

முதற்படி: வெற்றிகளைவிடப் புள்ளி வித்தியாசத்தை நம்புங்கள்

ஓர் அணி சராசரியாக ஓர் ஆட்டத்தில் எடுத்த புள்ளிகளிலிருந்து அது கொடுத்த புள்ளிகளைக் கழியுங்கள். இந்த ஒற்றை எண், வெற்றி தோல்விக் கணக்கைவிட நம்பகமாக ஓர் அணியின் உண்மைப் பலத்தைச் சொல்லும். காரணம் எளிது. இரண்டு புள்ளியால் வென்றாலும் முப்பது புள்ளியால் வென்றாலும் தரவரிசையில் அது ஒரு வெற்றிதான். ஆனால் கடைசி எறிகை வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தால் முதலாவது தோல்வியாக மாறியிருக்கும், இரண்டாவது மாறியிருக்காது. நெருக்கமான ஆட்டங்களை ஓர் ஆண்டு முழுவதும் வென்றுகொண்டே வந்த அணி அடுத்த ஆண்டும் அப்படியே வெல்வது அரிது.

82 ஆட்டப் பருவகாலத்தில் சராசரிப் புள்ளி வித்தியாசத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ இரண்டரை வெற்றிகளுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். 82இல் பாதியான 41 வெற்றிகளோடு அதைக் கூட்டிப் பாருங்கள். 2024–25இல் செல்டிக்ஸ் 61 ஆட்டங்களை வென்றது; அதன் புள்ளி வித்தியாசம் 9ஐ ஒட்டியிருந்தது. கணக்குப்படி 63 அல்லது 64 வெற்றிகள் வர வேண்டும், ஆகவே அதன் பலம் மெய்யானது. லேக்கர்ஸ் 50 ஆட்டங்களை வென்று மேற்கில் மூன்றாம் இடம் பிடித்தது. ஆனால் அதன் புள்ளி வித்தியாசம் 1க்குச் சற்று மேல்தான். கணக்கு 44 வெற்றிகளையே காட்டுகிறது. அதே பிரிவில் மினசோட்டா டிம்பர்வூல்வ்ஸ் 49 வெற்றிகளோடு ஆறாம் இடத்தில் இருந்தது, ஆனால் அதன் புள்ளி வித்தியாசம் ஏறத்தாழ 5. இந்த இரு அணிகளும் பிளேஓஃப் முதற்சுற்றில் சந்தித்தபோது மினசோட்டா 4–1 என்று வென்றது. ஒரு தொடர் எதையும் நிரூபித்துவிடாது என்பது உண்மை. எனினும் தரவரிசையை மட்டும் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்த முடிவு, புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படி இருக்கவில்லை.

அதே பருவகாலத்தில் ஒக்லஹோமா சிற்றி தண்டர் அணியின் வித்தியாசம் 12.9. லீக் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. முந்தைய சாதனை 1971–72 லேக்கர்ஸ் அணியினுடையது. தண்டர் 68 ஆட்டங்களை வென்று, இறுதித் தொடரில் இந்தியானா பேசர்ஸ் அணியை 4–3 என வீழ்த்திச் சம்பியனானது.

பருவகாலத்தின் நடுவில் பெரிய வீரர் பரிமாற்றம் நடந்திருந்தால் அந்தத் திகதிக்கு முன்னும் பின்னும் எனக் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். லேக்கர்ஸ் 2025 பெப்ரவரியில் அந்தனி டேவிஸை டலஸ் அணிக்குக் கொடுத்து லூகா டொன்சிச்சைப் பெற்றது. அதற்கு முந்தைய ஆட்டங்களின் எண்கள் வேறோர் அணியின் எண்கள்.

இரண்டாம் படி: அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது

புள்ளி வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு, அது நிலைக்கக்கூடியதா என்று கேட்க வேண்டும். டீன் ஒலிவர் என்ற அமெரிக்கப் புள்ளிவிபர ஆய்வாளர் இதற்கு நான்கு காரணிகளை முன்வைத்தார்: எறிகையின் துல்லியம், பந்தை இழக்கும் அளவு, தவறிய பந்தை மீளக் கைப்பற்றும் ரீபவுண்ட், எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிகையான ஃப்ரீ த்ரோ. முக்கியத்துவமும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் இறங்கிவருகிறது.

துல்லியத்தைக் கணக்கிடும்போது, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகைக்கு ஒன்றரை மடங்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். 10 இரண்டு புள்ளி எறிகைகளில் 6ஐ இட்டவருக்கும், 10 மூன்று புள்ளி எறிகைகளில் 4ஐ இட்டவருக்கும் புள்ளி 12தான். சாதாரண சதவீதத்தில் முதலாமவர் 60, இரண்டாமவர் 40 என்று தெரிவார்கள். இருவரும் சமமானவர்கள் என்பதே உண்மை.

வேகமாக ஆடும் அணி அதிகப் புள்ளி எடுக்கும், அதிகப் புள்ளி கொடுக்கவும் செய்யும். அதனால் ஒப்பீட்டை ஓர் ஆட்டத்துக்கு என்று வைக்காமல் 100 பந்து வாய்ப்புகளுக்கு என்று வைப்பது சிறந்தது. ஒரு பந்து வாய்ப்பு என்பது பந்து ஓர் அணியின் கைக்கு வந்து, எதிரணியின் கைக்குப் போகும் வரையான ஒரு தடவை. மொத்த எறிகைகளிலிருந்து எதிரணியின் கூடையடியில் எடுத்த ரீபவுண்ட்களைக் கழித்து, பந்தை இழந்த தடவைகளைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கிச் சேர்த்தால் பந்து வாய்ப்புகளின் அண்ணளவான எண்ணிக்கை கிடைக்கும். என்பிஏக்கு இதை எவரோ கணக்கிட்டு வெளியிட்டுவிடுகிறார்கள்; பாடசாலை ஆட்டங்களுக்கு நீங்களே கணக்கிட வேண்டியிருக்கும்.

இங்கே பொஸ்டனைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். 2024–25இல் செல்டிக்ஸ் தம் எறிகைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தது. 82 ஆட்டங்களில் அது இலாபமான வழி. ஆனால் நியூயோர்க் நிக்ஸுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில் 60 மூன்று புள்ளி எறிகைகளில் 45 தவறின. 20 புள்ளிகள் முன்னணியில் இருந்தும் சொந்த அரங்கில் தோற்றார்கள். தூர எறிகையை அதிகம் நம்பும் அணியின் நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. கொப்பியில் இதை ஒரு குறையாக எழுத வேண்டாம், ஓர் ஆபத்தாக எழுதுங்கள்.

மூன்றாம் படி: வயது

பெரும்பாலான கூடைப்பந்தாட்ட வீரர்கள் 25 முதல் 29 வயதுக்குள் தம் உச்சத்தைத் தொடுகிறார்கள். ஆகவே ஓர் அணியின் எதிர்காலத்தைப் படிக்க அதன் முதன்மை வீரர்கள் இந்த வயது எல்லைக்கு முன்னே நிற்கிறார்களா, உள்ளே நிற்கிறார்களா, கடந்துவிட்டார்களா என்று பாருங்கள். அணியின் 15 பேருடைய வயதையும் கூட்டிப் பதினைந்தால் வகுப்பது தவறான வழி, ஏனெனில் வாங்கிலில் அமர்ந்திருக்கும் 19 வயதுப் பிள்ளை சராசரியைக் குறைத்துவிடும், ஆட்டத்தில் அவருக்குப் பங்கிருக்காது. ஒவ்வொருவரின் வயதையும் அவர் ஆடிய நிமிடங்களால் பெருக்கி, கூட்டி, மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும்.

2025 யூனில் தண்டர் கிண்ணம் வென்றபோது ஷே கில்ஜஸ் அலெக்சாண்டருக்கு 26 வயது, ஜெய்லன் வில்லியம்ஸுக்கு 24, செட் ஹொம்கிரனுக்கு 23. சம்பியனான அணியின் இந்த மூவரில் இருவர் இன்னும் உச்ச வயதை எட்டவில்லை என்பதுதான் மற்ற 29 அணிகளையும் கவலைகொள்ள வைத்த செய்தி. லேக்கர்ஸில் நிலைமை வேறு. லெப்ரோனுக்கு அப்போது 40 வயது, டொன்சிச்சுக்கு 26. லெப்ரோனின் மகத்துவத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. 2003இல் லீக்கில் நுழைந்தவர் அத்தனை ஆண்டுகள் கழித்தும் முன்னணியில் ஆடுவது இந்த விளையாட்டின் பெரும் அதிசயங்களில் ஒன்று. ஆனால் மூன்றாண்டுக் கணக்கில் அவரைச் சேர்க்க முடியாது. லேக்கர்ஸின் எதிர்காலம் டொன்சிச்சின் எதிர்காலமே. அவருக்கு அருகில் நிற்கும் ஒஸ்டின் றீவ்ஸ், 2021 ட்ராஃப்டில், அதாவது புதுமுக வீரர் தெரிவில், எந்த அணியாலும் தெரிவு செய்யப்படாமல் வந்து வளர்ந்தவர். அவருக்கு அப்போது 27 வயது.

வயதோடு காயத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். பொஸ்டனின் ஜேசன் டேட்டம் 2025 மே மாதத்தில், 27 வயதில், குதிகால் தசைநாண் அறுந்து வீழ்ந்தார். கூடைப்பந்தாட்டக்காரருக்கு இதைவிடக் கடுமையான காயங்கள் சிலவே. 2013இல் 34 வயதில் இதே காயத்துக்கு ஆளான கோபி பிரையன்ட் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2019இல் 30 வயதில் ஆளான கெவின் டுரான்ட் ஒன்றரை ஆண்டு கழித்து வந்து முன்போலவே புள்ளிகளைக் குவித்தார். டேட்டமின் வயது அவருக்குச் சாதகமானது என்று எழுதலாம். முழுமையாகத் திரும்பிவிடுவார் என்று எழுத எவருக்கும் உரிமையில்லை.

நான்காம் படி: ஒப்பந்தமும் சம்பள எல்லையும்

புதிய இரசிகர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இதுதான், ஆனால் என்பிஏயில் அணிகள் உடைவதும் கட்டப்படுவதும் பெரும்பாலும் இங்கேதான். ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் பணக்காரக் கழகம் விரும்பியவரை வாங்கிக் குவிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கே அது முடியாது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். 2025–26இல் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 154.6 மில்லியன் டொலர். தம் சொந்த வீரர்களைத் தக்கவைத்துக்கொள்வதற்காக அணிகள் இதைத் தாண்டலாம்; தாண்டியபின் ஏறத்தாழ 187.9 மில்லியனில் ஆடம்பர வரி தொடங்குகிறது, 207.8 மில்லியனில் இரண்டாம் ஏப்ரன் எனப்படும் எல்லை வருகிறது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2023இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இந்த எல்லையைத் தாண்டும் அணியின் கைகளைக் கட்டிப்போடுகிறது. அத்தகைய அணி இரு வீரர்களின் சம்பளங்களைச் சேர்த்து ஒரு பெரிய வீரரைப் பரிமாற்றத்தில் பெற முடியாது. பரிமாற்றத்தில் பணம் அனுப்ப முடியாது. ஏழு ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள அதன் முதற்சுற்றுத் தெரிவு உரிமையும் முடக்கப்படும்.

2024இல் கிண்ணம் வென்ற செல்டிக்ஸ் ஓராண்டு கழித்துத் தானாகவே கலைந்தது இதனால்தான். டேட்டமுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 314 மில்லியன், ஜெய்லன் பிரவுனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 304 மில்லியன் என ஒப்பந்தங்கள் இருந்த நிலையில், 2025 கோடையில் ஜ்ரூ ஹொலிடே போர்ட்லண்டுக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்பதால் நடந்த பரிமாற்றங்களாக இவற்றைக் கொள்ளக் கூடாது. எல்லைக்குக் கீழே இறங்குவதற்காகக் கொடுத்த விலை இது.

ஒவ்வோர் அணிக்கும் ஐந்து முதன்மை வீரர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரின் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எதிரே எழுதுங்கள். பிறகு, யார் தம் ஆட்டத்தின் மதிப்பைவிடக் குறைவாகப் பெறுகிறார், யார் கூடுதலாகப் பெறுகிறார் என்று அடையாளமிடுங்கள். ட்ராஃப்டின் முதற்சுற்றில் வந்த வீரர்கள் முதல் நான்கு ஆண்டுகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்த சம்பளத்தில் ஆடுவதால், நன்றாக ஆடும் புதுமுகமே லீக்கில் மிகப் பெறுமதியான சொத்து. தண்டரின் வில்லியம்ஸும் ஹொம்கிரனும் அந்தக் குறைந்த சம்பளத்தில்தான் கிண்ணம் வென்றார்கள். 2026–27 தொடக்கம் அவர்களுடைய புதிய, மிகப் பெரிய ஒப்பந்தங்கள் தொடங்குகின்றன. அதற்கு அடுத்த ஆண்டில் கில்ஜஸ் அலெக்சாண்டரின் நான்கு ஆண்டு, 285 மில்லியன் டொலர் ஒப்பந்தம் தொடங்குகிறது. தண்டர் அணியின் உண்மையான சோதனை அப்போதுதான் வரும் என்பது என் கணிப்பு.

ஐந்தாம் படி: தெரிவு உரிமைகள்

ஒவ்வோர் ஆண்டும் யூனில் நடக்கும் ட்ராஃப்டில் அணிகள் இரண்டு சுற்றுகளில் புதுமுக வீரர்களைத் தெரிவு செய்கின்றன. பிளேஓஃபுக்குச் செல்லாத 14 அணிகளுக்கிடையே அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு நடத்தி முன்னிடங்கள் தீர்மானிக்கப்பட்டுவந்தன. 2019 முதல் மிகக் கீழே இருந்த மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்புத் தலா 14 சதவீதமாக இருந்துவந்தது. 2025இல் 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே கொண்டிருந்த டலஸ் முதலிடத்தைப் பெற்றுக் கூப்பர் ஃபிளாக்கைத் தெரிவு செய்தது. எனவே கடைசியில் வந்தால் நல்ல வீரர் கிடைத்துவிடுவார் என்று எவரும் உறுதியாக இருக்க முடியாது.

இந்த உரிமைகளைப் பரிமாற்றத்தில் கொடுக்கலாம், வாங்கலாம், ஏழு ஆண்டுகள் முன்கூட்டியும் கொடுக்கலாம். தொடர்ந்து வரும் இரு ஆண்டுகளிலும் முதற்சுற்று உரிமையே இல்லாமல் போகும்படி கொடுப்பதை மட்டும் லீக் தடுத்திருக்கிறது. இந்தக் கணக்கில் வயலும் விதையும் தெரிந்த வன்னிக்காரருக்கு ஒன்றைச் சுலபமாகச் சொல்லலாம்: விதைநெல்லைக் குற்றிச் சமைத்தால் இன்றைக்கு வயிறு நிறையும், அடுத்த போகத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சும்.

ரொறன்ரோவில் தொடங்கி ஒக்லஹோமாவில் முடியும் ஒரு சங்கிலியைப் பின்தொடர்ந்து பார்த்தால் இது தெளிவாகும். 2018 யூலையில் ராப்டர்ஸ் தம் செல்ல வீரர் டெமார் டிரோசனையும், இளம் வீரர் யாக்கப் பேர்ட்டிலையும், ஒரு முதற்சுற்று உரிமையையும் சன் அன்ரோனியோவுக்குக் கொடுத்து, ஓராண்டு மட்டுமே உறுதியாக இருக்கக்கூடிய கவாய் லெனார்ட்டைப் பெற்றது; டனி கிறீனும் உடன் வந்தார். 2019இல் கோல்டன் ஸ்டேட்டை 4–2 என வென்று, அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள அணியொன்று பெற்ற முதற் கிண்ணத்தை ரொறன்ரோ எடுத்தது. ஒரு மாதத்துக்குள் லெனார்ட் லொஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். போனாலும் ரொறன்ரோ செய்தது சரியே என்பேன். கொடுத்த உரிமை ட்ராஃப்டில் 29ஆம் இடமாகவே வந்தது, கிண்ணமோ நிரந்தரமானது.

அதே கோடையில் லெனார்ட்டுக்குத் துணையாகப் போல் ஜோர்ஜை வரவழைக்கக் கிளிப்பர்ஸ் கொடுத்த விலையைப் பாருங்கள். ஐந்து முதற்சுற்று உரிமைகள், தெரிவு இடங்களை மாற்றிக்கொள்ளும் இரண்டு உரிமைகள், அனுபவ வீரர் டனிலோ கலினாரி, அப்போது 20 வயதே நிரம்பியிருந்த கில்ஜஸ் அலெக்சாண்டர். அந்த உரிமைகளில் ஒன்றே 2022இல் 12ஆம் இடத்தில் ஜெய்லன் வில்லியம்ஸாக மாறியது. கிளிப்பர்ஸ் லெனார்ட், ஜோர்ஜ் இருவரோடும் ஒரு தடவை மேற்குப் பிரிவின் இறுதிவரை சென்றது, அதற்கு மேல் செல்லவில்லை. தண்டரோ 2020–21இல் 22 வெற்றி, அடுத்த ஆண்டு 24 வெற்றி என்று பொறுமையாகக் கீழே கிடந்து, 40, 57, 68 என ஏறிச் சம்பியனானது. 24 வெற்றி பெற்ற ஆண்டில் அந்த அணியின் தரவரிசையை மட்டும் பார்த்தவர்கள் அதைக் கைவிட்டிருப்பார்கள். அதன் கையிலிருந்த உரிமைகளை எண்ணியவர்கள் கைவிட்டிருக்க மாட்டார்கள்.

பொஸ்டனும் இதே வழியில்தான் எழுந்தது. 2013இல் முதுமையடைந்துகொண்டிருந்த கெவின் கார்னெட்டையும் போல் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்து, பல ஆண்டுகளின் முதற்சுற்று உரிமைகளைப் பெற்றது. அவற்றிலிருந்து 2016இல் பிரவுன் வந்தார். 2017இல் கிடைத்த முதலிடத்தைப் பிலடெல்பியாவோடு மாற்றி, மூன்றாம் இடத்துக்கு இறங்கி, டேட்டமைத் தெரிவு செய்தார்கள்.

ஆகவே ஒப்பிடும் இரு அணிகளுக்கும் அடுத்த ஏழு ஆண்டுகளை வரிசையாக எழுதி, எந்த ஆண்டின் உரிமை கையில் இருக்கிறது, எது போய்விட்டது, எது நிபந்தனையோடு போகிறது என்று குறியுங்கள். 2025 கோடையில் லேக்கர்ஸ் 2029 உரிமையை டொன்சிச்சுக்காக டலஸுக்குக் கொடுத்திருந்தது. 2027 உரிமை, முதல் நான்கு இடங்களுக்குள் விழாவிட்டால், யூட்டாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. பொஸ்டனும் 2029 உரிமையைப் போர்ட்லண்டுக்குக் கொடுத்துவிட்டது. பரம வைரிகள் இருவரும் ஒரே ஆண்டை விற்றிருக்கிறார்கள்.

ஆறாம் படி: தீர்ப்பை எழுதி, திகதியிடுங்கள்

அடுத்த ஆண்டு, மூன்று ஆண்டுகள், ஏழு ஆண்டுகள் என மூன்று தூரங்களுக்குத் தனித்தனியாகத் தீர்ப்பு எழுத வேண்டும், ஏனெனில் ஒரே அணி ஒரு தூரத்தில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருக்கலாம். தீர்ப்பைப் பத்துக்கு எத்தனை என்ற நிகழ்தகவாக எழுதினால் பிறகு சரிபார்க்க முடியும்.

2025 கோடை நிலவரப்படி என் கொப்பியில் இப்படி இருக்கும்: டேட்டம் காயத்திலிருக்கும் அடுத்த பருவகாலத்தில் லேக்கர்ஸ் முன்னே வர பத்துக்கு ஆறு. மூன்றாண்டுத் தூரத்தில், டேட்டம் பழைய வேகத்தோடு திரும்பும் பட்சத்தில், இரண்டு முதன்மை வீரர்களை உச்ச வயதின் அருகில் வைத்திருக்கும் பொஸ்டனுக்கு ஆறு, ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் லேக்கர்ஸுக்கு நான்கு. ஏழு ஆண்டுகளுக்கு இருவருக்கும் ஐந்து ஐந்து. இருவரில் யார் வென்றாலும் தண்டரைத் தாண்டியே செல்ல வேண்டும். 2004இல் பிறந்த விக்டர் வெம்பன்யாமாவைக் கொண்ட சன் அன்ரோனியோவையும் மறக்கக் கூடாது.

இதே முறையை எங்கள் பாடசாலை அணிகளுக்கும் பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும் என்றும் விரும்புகிறேன். அங்கே சம்பளமும் பரிமாற்றமும் இல்லை. அவற்றின் இடத்தில் வயதுப் பிரிவும் உயர்தரப் பரீட்சையும் இருக்கின்றன. வலயப் போட்டியில் இவ்வாண்டு வென்ற அணியின் ஐவரில் நால்வர் அடுத்த ஆண்டு வயதெல்லையைத் தாண்டுவார்களானால், தோற்ற அணியின் பத்தாம் தரப் பிள்ளைகளே எதிர்காலம். புள்ளி வித்தியாசத்தையும் ரீபவுண்டையும் குறித்துவைக்க ஒரு பிள்ளையைத் தளத்தின் ஓரத்தில் கொப்பியோடு அமர்த்துவது பயிற்றுநருக்கு எந்தச் செலவையும் தராது.

என்பிஏ கணக்கைத் திறந்து பார்க்க ஆண்டில் நான்கு தருணங்கள் போதும். அணிகள் ஏறத்தாழ 20 ஆட்டங்களை முடித்திருக்கும் டிசம்பர் தொடக்கத்தில் புள்ளி வித்தியாசத்தை எழுதுங்கள். அதற்கு முன் எழுதுவது அவசரம். பெப்ரவரியில் பரிமாற்றக் காலம் முடிந்ததும் ஒப்பந்த வரிசையையும் உரிமை வரிசையையும் திருத்துங்கள். மே மாதச் சீட்டிழுப்புக்குப் பிறகு தெரிவு இடங்களை நிரப்புங்கள். யூலையில் புதிய ஒப்பந்தங்கள் வெளியானதும் வயதுக் கணக்கை மறுபடி போட்டு, சென்ற ஆண்டு எழுதிய தீர்ப்புக்கு எதிரே, அது சரியா பிழையா என்று அடித்து மறைக்காமல் குறித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் புதிய தீர்ப்பைத் தொடங்குங்கள்.